ஐ, ஜி, என்

மதியம் இரண்டரை மணியடித்து ஆறாம் வகுப்பு பி பிரிவுக்குள் மரகதவல்லி நுழைந்தபோது பிள்ளைகள் எழுந்து நின்று "குட் ஆஃப்டர்நூன் மிஸ்" என்று இழுத்தார்கள். உட்காரச் சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை, அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், அதனால் சொல்லியிருக்க வேண்டும். அது அவளுடைய வகுப்பு இல்லை. அவள் தமிழாசிரியை, நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இந்த ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். இன்றைக்கு இங்கிலீஷ் மிஸ் லீவு, ஆகவே இந்த நாற்பது நிமிஷம் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள அவளை அனுப்பியிருந்தார்கள். அவ்வளவுதான் வேலை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும், ஆனால் நாற்காலியின் முதுகில் மாட்டிய கைப்பைக்குள் போன் இருந்தது, போனுக்குள் பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஆபீசிலிருந்து வந்த செய்தி இருந்தது. ஒரே ஒரு வரி, இங்கிலீஷில். மரகதவல்லி மேம், ப்ளீஸ், அதற்கப்புறம் அந்தச் சொல், அதற்கப்புறம் ஃபார்மை மூன்றரைக்குள் கொடுக்கவும். ஆர், இ, எஸ், ஐ, ஜி, என். ரிசைன். ராஜினாமா. ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று ஒருதரம் படித்தாள், மணியடித்தது, நடந்துகொண்டே இன்னொருதரம் படித்தாள், மாடிப்படியில் கால் ஒரு படி தவறியது. இப்போது மறுபடி எடுத்துப் பார்க்க முடியாது, வகுப்பில் போனை எடுத்தால் மூலையில் தொங்கும் கேமரா பார்க்கும், கேமராவைத் தாளாளர் பார்ப்பார், அது வேறு ஒரு குற்றமாகிவிடும். குற்றமானால் என்ன இனிமேல், போகச் சொன்னவளை இன்னொருதரம் போகச் சொல்ல முடியுமா, என்று நினைத்துக்கொண்டே கையைப் பைப் பக்கம் கொண்டுபோகாமல் மடியில் வைத்துக்கொண்டாள். பதினெட்டு வருஷப் பழக்கம், கை பயந்தது.

கரும்பலகையில் இங்கிலீஷ் மிஸ் நேற்றே எழுதிவிட்டுப் போயிருந்தாள். ஐ, ஜி, என் என்ற மூன்று எழுத்துகளும் வரும் சொற்கள் பத்து எழுது, பொருளும் எழுது. மரகதவல்லி அந்த மூன்று எழுத்தைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள், பிறகு அந்த மூன்று எழுத்தையே பார்த்தாள். உலகத்தில் இருபத்தாறு எழுத்து இருக்க இதுவா கிடைத்தது இவளுக்கு. அந்தச் சொல்லின் வால் அல்லவா இது, வாலைப் பலகையில் மாட்டிவிட்டுத் தலையை மட்டும் என் பைக்குள் போட்டிருக்கிறார்களா, என்று ஒரு கணம் கிறுக்குத்தனமாக நினைத்து, சேச்சே, அந்த மிஸ்ஸுக்கு என்ன தெரியும், அவள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போயிருக்கிறாள் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். "மிஸ், கிங் எழுதலாமா?" என்று ஒரு பையன் எழுந்து கேட்டான். கிங். அதிலும் ஐ இருக்கிறது, ஜி இருக்கிறது, என் இருக்கிறது. "எழுது" என்றாள். முதல் பெஞ்சிலிருந்து தன்ஷிகா உடனே எழுந்தாள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய ரெட்டைச் சடை, யாராவது தப்புச் செய்துவிடுவார்களோ என்று எந்நேரமும் பயந்துகொண்டே இருக்கிற முகம். "அது ஐ என் ஜி மிஸ். ஐ ஜி என் வேற." "எழுத்து அதேதானே மிஸ்?" என்றான் பையன். அதேதான். எழுத்து அதேதான், இடம்தான் மாறியிருக்கிறது, எழுத்து மாறாமல் இடம் மாறினால் சொல் மாறிவிடுமா என்று கேட்டால் மாறும்தான், ஆனால் அதை இங்கிலீஷில் சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை. "ரெண்டும் எழுதலாம்" என்றாள். அது போதும், மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது வகுப்பு. கோயிங், கமிங், ஈட்டிங், ஸ்லீப்பிங், க்ரையிங் என்று பையன்கள் பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தார்கள், இங்கிலீஷ் முழுக்க அந்த மூன்று எழுத்தால் ஆன மாதிரி இருந்தது. தன்ஷிகா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு அகராதியைப் புரட்டினாள்.

ஏன் என்று யோசித்தாள் மரகதவல்லி. ஏதாவது ஏன் இருக்க வேண்டுமே. போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன், லாரி பாடி கட்டும் பட்டறை முதலாளி, பையனுக்குத் தமிழில் முப்பத்தெட்டு என்றதும், "தமிழ்லதானே மிஸ், அது போனாப் போகுது" என்றார். அவள் சிரித்திருக்கலாம். எல்லாரும் சிரிப்பார்கள். அவள், "போனதுக்கப்புறம் அவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டுவிட்டாள். அவர் முகம் சுண்டிப்போனது. சாயங்காலம் தாளாளர் வராந்தாவில் நிறுத்தி, "பேரன்ட்ஸ்கிட்ட இங்கிலீஷ்ல பேசிப் பழகுங்க மேம்" என்றார், கோபமே இல்லாமல். கோபமே இல்லாமல் சொன்னதுதான் பயம். கோபம் இருந்தால் தணியும். இல்லாத கோபம் எப்படித் தணியும். இல்லை, அதற்காக இருக்காது, பதினோராம் வகுப்பில் பிரெஞ்சு வந்துவிட்டது, தமிழுக்கு ஏழு பேர்தான், ஏழு பேருக்கு ஒருத்தி போதும், அந்த ஒருத்தி சங்கீதாவாகத்தான் இருப்பாள், இருபத்தாறு வயசு, தமிழையே இங்கிலீஷில் நடத்துவாள், ஆண்டுவிழாவில் மைக் பிடிப்பாள். சங்கீதா நல்ல பெண்தான். மத்தியானம் அவளுடைய டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு போளி எடுத்துக் கொடுத்தாளே, ஏன் இன்றைக்கென்று போளி? தெரிந்து கொடுத்தாளா? ஒன்று போதும் என்றதற்கு, "எடுத்துக்கங்கக்கா, எப்பவாவதுதானே" என்றாளே. எப்பவாவது என்றால் என்ன அர்த்தம்? மரகதவல்லியின் நாக்கில் இன்னும் ஏலக்காய் மணத்தது, அது இப்போது அடித்தொண்டையில் கசந்தது.

"மிஸ், பி, இ, என், ஐ, ஜி, என். இதை எப்படி மிஸ் படிக்கறது?" தன்ஷிகா நோட்டைத் தூக்கிக் காட்டினாள். எழுத்தாகப் பார்த்தால் பெனிக்ன் என்று வருகிறது. ஆனால் அவளுக்குத் தெரியும், இந்தச் சொல் மட்டும் தெரியும், உலகத்தில் எந்த இங்கிலீஷ்காரனைவிடவும் நன்றாகத் தெரியும். "பினைன்" என்றாள். "ஜி சொல்லக் கூடாது." கை தானாகக் கழுத்தின் இடது பக்கம் போயிற்று. நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு கட்டி, புளியங்கொட்டை அளவு. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்து அனுப்பினார்கள், ஐந்தாம் நாள் டாக்டர் காகிதத்தைப் பார்த்து, "பினைன்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பினைன். அவளுக்கு அந்தச் சொல் பிணம் என்பதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் மாதிரி இருந்தது. வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதாள், கணவர் செங்கோட்டுவேல் பக்கத்தில் நின்று, "என்ன சொன்னாரு, என்ன சொன்னாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு லாரிக்குப் பின்னால் எழுதுகிற இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். கடைசியில் மூக்குத்தி போட்ட ஒரு நர்ஸ் வந்து, "ஏனுங்க அழறீங்க, அது நல்லதுங்க, ஒண்ணுமில்லாத கட்டிங்க" என்றாள். அந்த அரை மணி நேரத்தில் அவள் செத்திருந்தாள். அவள் மகள் அம்மா இல்லாமல் வளர்ந்து, கல்யாணமாகி, அம்மா போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டிருந்தாள். நல்ல சொல்தான் அது. ஆனால் அரை மணி நேரம் கெட்ட சொல்லாக இருந்த சொல் அப்புறம் முழுக்க நல்லதாகிவிடுமா? இன்றைக்கும் அந்தச் சொல்லை நினைத்தால் ஆஸ்பத்திரித் தரையின் பினாயில் வாடைதான் வருகிறது.

அப்படியென்றால் இதுவும் அப்படித்தானோ? இந்த நினைப்பு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ? யாரிடமாவது கேட்டால் என்ன? ஆனால் யாரிடம் கேட்பது, எம்.ஏ., பி.எட். படித்தவள் நாற்பத்தேழு வயசில் போய் ரிசைன் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டால் ஊரே சிரிக்காதா, அதுவும் ரிசைன் என்றால் என்ன என்று லாரி கிளீனருக்குக்கூடத் தெரியுமே. எழுந்தாள், பலகை வரை நடந்தாள், திரும்பினாள். "ரிசைன் யாராவது எழுதினீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டாள், குரல் சாதாரணமாக வரவில்லை. ஒருத்தரும் எழுதவில்லை. தன்ஷிகா அகராதியைப் புரட்டினாள், விரல் கீழே இறங்கியது, நின்றது. "இருக்கு மிஸ். பதவி விலகு. அப்புறம்... விதியே என்று ஏற்றுக்கொள்." "அப்புறம்?" "அவ்வளவுதான் மிஸ்." "வேற ஒண்ணுமே இல்லையா? நல்லாப் பாரு." அந்தக் குழந்தை பயந்துபோய் அடுத்த பக்கத்தையும் பார்த்தது. அப்போதுதான் அந்தக் கிங் பையன் எழுந்து, "மிஸ், சைன்னா கையெழுத்து. ரீ போட்டா மறுபடியும். ரீடெஸ்ட் மாதிரி. அப்ப ரீசைன்னா மறுபடியும் கையெழுத்துத்தானே?" என்றான். வகுப்பு சிரித்தது, ஏனென்று தெரியாமல் சிரித்தது. "அது அகராதில இல்ல" என்றாள் தன்ஷிகா கோபமாக. மரகதவல்லி சிரிக்கவில்லை. மறுபடியும் கையெழுத்து. போன வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் ரூமில் ஏதோ ஒரு ஃபார்ம் சுற்றி வந்ததே, எல்லாரும் போட்டார்களே, அவளும் போட்டாளா? போட்டாள் என்றுதான் ஞாபகம். எதில் போட்டாள், எதற்குப் போட்டாள்? படித்துப் பார்த்தாளா? இங்கிலீஷில் நாலு பக்கம், யார் படித்தார்கள். ஒருவேளை அந்த ஃபார்மே ராஜினாமா ஃபார்மாக இருந்து, அதில் அவளே கையெழுத்துப் போட்டு, அதை இப்போது கொண்டுவந்து கொடு என்கிறார்களோ?

இதற்கு இலக்கணத்தில் ஒரு பெயர் இருக்கிறது, அவளே ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தியிருக்கிறாள். பொதுமொழி. சேர்ந்து நின்றால் ஒரு பொருள், பிரிந்து நின்றால் வேறு பொருள். வேங்கை என்றால் புலி, வேம் கை என்று பிரித்தால் வேகிற கை. எட்டு என்றால் எண், எள் து என்று பிரித்தால் எள்ளைத் தின்னு. பிள்ளைகள் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள், "மிஸ், எள்ளைத் தின்னு மிஸ்" என்று வராந்தாவில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தப் பாடத்தின் கடைசியில் வழக்கமாக ஒன்று சொல்வாள்: எந்தப் பொருள் என்று எழுத்தைப் பார்த்தால் தெரியாது, அந்தச் சொல் நிற்கிற இடத்தைப் பார். சரி, இடத்தைப் பார்ப்போம். இடம் இந்தப் பள்ளிக்கூடம். இந்த இடத்தில் பிரெஞ்சு வந்திருக்கிறது, பட்டறை முதலாளி வந்திருக்கிறார், வராந்தாவில் கோபமில்லாத ஒரு குரல் வந்திருக்கிறது, மத்தியானம் இரண்டு போளி வந்திருக்கிறது. இந்த இடத்தில் நிற்கிற சொல் வேங்கையா, வேகிற கையா? அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது. மின்விசிறி சுற்றுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தாள், சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு ஐம்பத்தைந்து. போகச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் நாமே கொடுத்துவிட்டால் மரியாதை. அந்த நினைப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, வந்ததும் அதுவே முடிவாகிவிட்டது. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். அனுப்புநர், பெறுநர் எழுதும்போது கை ஓடியது, எத்தனை பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டியிருக்கிறாள், விடுப்பு விண்ணப்பம், நூலகம் வேண்டி விண்ணப்பம், தெருவிளக்கு வேண்டி விண்ணப்பம். பொருள் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்ததும் நின்றுவிட்டாள். பணி விலகல் வேண்டி. வேண்டியா? யார் வேண்டியது? நான் வேண்டவில்லையே. பணி விலகல் தொடர்பாக. அதுவும் யாரோ ஒருத்தி விலகியதைப் பற்றி இன்னொருத்தி எழுதுவது மாதிரி இருந்தது. கடைசியில் பணி விலகல் என்று மட்டும் விட்டாள். ஐயா, நான் தங்கள் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாக, என்று தொடங்கி, என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல் சொந்தக் காரணங்களால் என்று எழுதினாள், அதுதான் எல்லாரும் எழுதுவது, சொந்தமாக ஒரு காரணமும் இல்லாதவர்கள் எழுதுவது. ஆறு வரிதான் வந்தது. கீழே ம. மரகதவல்லி என்று கையெழுத்துப் போட்டாள். போட்டதும் நடந்ததுதான் அவளுக்குக் கடைசி வரை புரியவில்லை: அழுகை வரவில்லை. தோளிலிருந்து ஏதோ இறங்கினாற்போல் இருந்தது. நாளைக் காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டாம், ஏழேகால் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம், வராந்தாவில் பிள்ளைகளிடம் தமிழில் பேசிவிட்டு யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். இது என்ன சந்தோஷமா? சந்தோஷப்படுகிறேனா நான்? வீட்டில் என்ன சொல்வேன், மகள் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, செங்கோட்டுவேல் ஒன்றும் சொல்ல மாட்டார், ஒன்றும் சொல்லாமல் ராத்திரிச் சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அதை நினைத்ததும் இறங்கியது மறுபடி ஏறிக்கொண்டது. பயமா நிம்மதியா என்று பிரிக்க முடியாமல் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. "மிஸ், பத்து வந்துடுச்சு" என்று நோட்டை நீட்டினாள் தன்ஷிகா. குண்டு குண்டான எழுத்து. எட்டாவதாக ரிசைன் இருந்தது, பக்கத்தில் இரண்டு பொருள். மூன்றாவதாக ஒன்றைப் பென்சிலில் மெல்ல எழுதிவைத்திருந்தாள், மறுபடியும் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. "இது சரியா மிஸ்?" மரகதவல்லி அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தெரியலைடா" என்றாள். மிஸ்ஸுக்குத் தெரியாது என்று ஒரு மிஸ் சொல்லி அந்தக் குழந்தை அதற்கு முன் கேட்டதில்லை போலிருக்கிறது, வாயைத் திறந்தபடி நின்றது. மணி அடித்தது.

ஆபீஸ் கீழே. குமாஸ்தா தண்டபாணி கம்ப்யூட்டருக்குப் பின்னால் வடை தின்றுகொண்டிருந்தார், அவளைப் பார்த்ததும் காகிதத்தில் விரலைத் துடைத்துக்கொண்டார். "வாங்க மேம், மெசேஜ் பாத்தீங்களா?" அவள் தாளை மேஜைமேல் வைத்தாள். அவர் எடுத்துப் படித்தார். படித்துக்கொண்டே எழுந்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஏனுங்க மேம், இதை யாருங்க கேட்டா உங்ககிட்ட?" "நீங்கதான்." "நானா?" "ரிசைன்னு அனுப்பினீங்களே." தண்டபாணி தன் போனை எடுத்துத் தான் அனுப்பியதையே படித்தார், உதடு அசைந்தது, தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, ரீசைன் மேம், ரீசைன். நடுவுல ஒரு கோடு போட்டிருக்கணும், அவசரத்துல விட்டுப்போச்சு. வெள்ளிக்கிழமை ஃபார்ம்ல தாளாளர் கையெழுத்துப் போடற கட்டத்துல நீங்க போட்டுட்டீங்க. புது ஃபார்ம் எடுத்து வச்சிருக்கேன், திரும்பப் போட்டுக் குடுக்கத்தான் கூப்பிட்டது." ஒரு ஃபார்மை எடுத்து நாலாம் பக்கத்தைத் திருப்பி, கீழே இடது பக்கக் கட்டத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். "இங்க. வலது பக்கம் வேண்டாங்க." சிரித்தார். அவளும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது, கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டாள். பேனாவை வாங்கிக் கட்டத்துக்குள் ம. மரகதவல்லி என்று எழுதினாள். வல்லி கொஞ்சம் கோட்டைத் தாண்டியது.

நிம்மதி வரும் என்று நின்றாள். ஆஸ்பத்திரியில் வந்ததே, அந்த நர்ஸ் சொன்னதும் உடம்பெல்லாம் ஓடியதே, அது மாதிரி. வரவில்லை. "தண்டபாணி சார்" என்றாள், "உங்களைப் பாக்காம இதை நேரா தாளாளர்கிட்ட கொண்டுபோய்க் குடுத்திருந்தா?" அவர் பாதி வடையைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார். "சொல்லுங்க சார்." "வாங்கி வச்சுக்குவாருங்க மேம்" என்றார் மெதுவாக. "ஏன்னு கேக்க மாட்டாருங்க." பிறகு, சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாதவராகக் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "கிழிச்சுப் போட்டுடட்டுங்களா?" என்றார். "வேண்டாம், குடுங்க." வாங்கி நின்றவாக்கிலேயே படித்தாள். ஆறு வரி. நாலாம் வரியில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது, பணியை தொடர என்று எழுதியிருந்தாள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மேஜைமேல் தாளை வைத்து, அந்த இடத்தில் ஒரு த் போட்டாள். மேலே தேதி எழுதாமல் விட்டிருந்ததையும் பார்த்தாள், அதை அப்படியே விட்டாள். நாலாக மடித்துக் கைப்பையின் உள் ஜிப்புக்குள் வைத்து மூடிவிட்டு, ஏழாம் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று மாடிப்படி ஏறினாள்.